போர்முனைக்குப் பக்கத்தில் வாழும் மக்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நிவாரண வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்கள், சொந்தக்காரர்களைப் போர்ப் பகுதியில் விட்டுவிட்டு வேறு நாட்டில் தூக்கமில்லாமல் இருப்பவர்கள், செய்தியைப் பார்த்துவிட்டு வாக்குவாதத்தில் இறங்குபவர்கள் என்று யார் கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், போகப்போகச் சிக்கல்.

போர்முனைக்குப் பக்கம்னா எத்தனை கிலோமீட்டர்?

சட்டத்தில் இதற்கு எண் கிடையாது. எதிர்த்தரப்பின் ஆயுதம் எட்டுகிற தூரம்தான் நடைமுறைக் கணக்கு. மோர்ட்டார் என்றால் சில கிலோமீட்டர், 155 மில்லிமீட்டர் பீரங்கி என்றால் 20, 30 கிலோமீட்டர், ராக்கெட் என்றால் அதற்கும் மேலே. வெடிபொருள் கட்டிய சின்ன ட்ரோன்கள் வந்தபிறகு இந்தப் பட்டை இன்னும் ஆபத்தாகிவிட்டது, ஏனென்றால் அது ஒற்றை வண்டியைக்கூடத் துரத்திப் போய் அடிக்கும்.

அப்புறம், போர்முனைக் கோடு ஒரே மாதிரி இருக்காது. கிழக்கு உக்ரைனில் 2015 முதல் 2022 தொடக்கம் வரை 400 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட கோடு பெரிதாக நகராமல் கிடந்தது, வயதானவர்கள் ஓய்வூதியம் வாங்கக்கூடச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று கடந்து போனார்கள். இலங்கையின் வன்னியில் 2008 கடைசியிலும் 2009லும் கோடு வாரத்துக்கு வாரம் நகர்ந்தது, மக்கள் அதற்கு முன்னால் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தார்கள். முதல் வகைக்குக் கூரைத் தகரம், குளிருக்கு எரிபொருள், முதியோருக்கு மருந்து. இரண்டாவது வகைக்குத் தண்ணீர், போக்குவரத்து, காயத்துக்குக் கட்டு. இரண்டுக்கும் ஒரே பெட்டியை அனுப்பினால் வீண்.

அவ்வளவு ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் கிளம்பிப் போகாம உட்கார்ந்திருக்காங்க?

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி, பெரும்பாலும் கொஞ்சம் எரிச்சலோடு கேட்கப்படுகிற கேள்வியும்கூட. போகமுடிந்தவர்கள் பெரும்பாலும் முதலிலேயே போய்விடுகிறார்கள். மிஞ்சுவது யார் என்று பாருங்கள்: படுக்கையில் கிடக்கும் அம்மாவை விட்டுப் போகமுடியாத மகள், நடக்கமுடியாத முதியவர், கைச்செலவுக்கே பணமில்லாத குடும்பம், ஆடுமாட்டைத் தவிர வேறு சொத்து இல்லாதவர், அடையாள அட்டை இல்லாததால் சோதனைச் சாவடியைத் தாண்டமுடியாதவர், சாவடியில் பிடித்துக்கொள்வார்களோ என்று பயப்படும் இளைஞர். ஒருமுறை போய், அகதி முகாமில் நொந்து, காசு தீர்ந்து திரும்பி வந்தவர்களும் நிறைய.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெளியே இருந்து பார்க்கும்போது ஷெல், அதாவது பீரங்கிக் குண்டு மட்டும்தான் ஆபத்தாகத் தெரிகிறது. அங்கே இருப்பவருக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் கொள்ளை, வழியில் கண்ணிவெடி, போய்ச் சேரும் ஊரில் வாடகை, வேலையின்மை, எல்லாமே ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. அவர் எடைபோட்டுத்தான் இருக்கிறார். நாம் அந்தக் கணக்கை மாற்ற வேண்டுமென்றால் போய்ச்சேரும் இடத்தில் ஒரு அறையும், வழியில் சக்கர நாற்காலி ஏறக்கூடிய ஒரு வண்டியும் கொடுக்கவேண்டும். அறிவுரை வேண்டாம்.

வெளியேறச் சொல்லி நோட்டீஸ் போட்டாச்சு. அப்புறமும் இருக்கறவங்க அவங்க பொறுப்புதானே?

இல்லை. ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்க்கப்பட்ட 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறை, 57ஆம் பிரிவு, சூழ்நிலை இடம்கொடுக்காவிட்டால் தவிர, மக்களைப் பாதிக்கக்கூடிய தாக்குதலுக்கு முன் பயன்தரக்கூடிய முன்னெச்சரிக்கை தரவேண்டும் என்கிறது. அது தாக்குகிறவர் மீது சுமத்தப்பட்ட கடமை. எச்சரிக்கை கொடுத்துவிட்டால் மீதி இருப்பவர்கள் எல்லாம் இலக்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருந்துவிட்ட பாட்டி அடுத்த நாளும் பொதுமக்களில் ஒருவர்தான், அவரைக் கணக்கில் எடுத்துத்தான் அடுத்த தாக்குதலும் திட்டமிடப்படவேண்டும்.

"பயன்தரக்கூடிய" என்பதிலும் சங்கதி இருக்கிறது. மின்சாரமும் சிக்னலும் இல்லாத ஊருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது, பாலம் உடைந்த பிறகு இரண்டு மணி நேரம் கொடுப்பது, இதெல்லாம் காகிதத்தில் மட்டும் எச்சரிக்கை.

ராணுவத்துக்குச் சாப்பாடு போட்டா நானும் போராளி ஆயிடுவேனா?

ஆகமாட்டீர்கள். சமைத்துக் கொடுப்பது, துணி தைத்துக் கொடுப்பது, ஆதரவாகப் பேசுவது, வரி கட்டுவது எதுவும் பாதுகாப்பை நீக்காது. சண்டையில் நேரடியாகப் பங்கெடுத்தால்தான், அதுவும் பங்கெடுக்கும் நேரத்துக்கு மட்டும், பாதுகாப்பு போகிறது. 2009ல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு இதற்கு ஒரு விளக்கம் வெளியிட்டது, அதன் எல்லா வரிகளையும் எல்லா ராணுவங்களும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லமுடியாது.

கவனிக்க வேண்டியது கையில் இருக்கும் போன். டாங்கி எங்கே நிற்கிறது என்று படம் எடுத்து இருப்பிடத்தோடு ஒரு தரப்புக்கு அனுப்பினால், அது தாக்குதலுக்கு இலக்குக் காட்டுவதாக எடுத்துக்கொள்ளப்படலாம். அனுப்பச் சொல்லி ஆப் போட்டுக் கொடுப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. சட்டத்தை விடுங்கள், சாவடியில் போனை வாங்கிப் பார்க்கும் சிப்பாய் வழக்கறிஞரைக் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை. போர்ப் பகுதியில் இருக்கும் உறவினரிடம் "என்ன நடக்குது, வீடியோ அனுப்பு" என்று நச்சரிப்பவர்களும் இதை ஒருமுறை யோசிக்கவும்.

ஊருக்குள்ள ராணுவம் புகுந்து உட்கார்ந்துட்டா அந்த ஊரையே அடிக்கலாமா?

இரண்டு தரப்பும் தவறு செய்யக்கூடிய இடம் இது. குடியிருப்புக்குள் பீரங்கி வைப்பவர், மக்களை மறைப்பாகப் பயன்படுத்துபவர், சட்டத்தை மீறுகிறார். ஆனால் அதைக் காரணமாகக் காட்டி எதிர்த்தரப்பு தன் கடமையிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. முதலாம் நெறிமுறையின் 51ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

அந்த பீரங்கியை மட்டும் அடிக்க வழியிருக்கிறதா, அடித்தால் கிடைக்கும் ராணுவப் பலனோடு ஒப்பிட்டால் மக்களுக்கு வரும் சேதம் மிகையா, வேறு ஆயுதம், வேறு நேரம் உண்டா என்று பார்த்தாக வேண்டும். ஊர் முழுவதையும் ஒரே இலக்காக வைத்து அடிப்பது தடை. குடியிருப்புகளில் கனரக வெடி ஆயுதங்களைக் கட்டுப்படுத்துவோம் என்று 2022 நவம்பரில் டப்ளினில் 80க்கும் மேற்பட்ட நாடுகள் ஒரு அரசியல் பிரகடனத்தை ஏற்றன. அது பிரகடனம்தான், ஒப்பந்தம் இல்லை.

ஜெனீவா ஒப்பந்தமெல்லாம் நாடுகளுக்குத்தானே, ஆயுதக் குழுக்களுக்கு என்ன வந்தது?

1949ஆம் ஆண்டின் நான்கு ஒப்பந்தங்களிலும் பொதுவாக இருக்கும் 3ஆம் பிரிவு உள்நாட்டுச் சண்டைக்கானது, அது எல்லாத் தரப்பையும் கட்டுப்படுத்தும், அரசு என்றாலும் குழு என்றாலும். மேலே சொன்ன விதிகள், அதாவது மக்களையும் போராளிகளையும் வேறுபடுத்துதல், சேதத்தில் அளவுமீறாமை, முன்னெச்சரிக்கை ஆகியவை, நாடுகளின் நடைமுறையால் உருவாகும் வழக்காற்றுச் சட்டமாகவும் ஆகிவிட்டதால் கையெழுத்துப் போடாதவரும் தப்பமுடியாது.

நடைமுறையில் ஒரு உள்ளூர்த் தளபதியிடம் போய்ப் பேசும்போது பிரிவு எண்களைச் சொல்லி வேலை நடப்பது குறைவு. அவருடைய மதத்திலும் மரபிலும் போர் பற்றி இருக்கும் நெறி, அவருடைய ஆட்கள் காயம்பட்டால் யார் வைத்தியம் பார்ப்பார்கள் என்பது, நாளைக்கு அதே மக்களை ஆளவேண்டும் என்கிற அவருடைய ஆசை, இவற்றைப் பிடித்துத்தான் பேச்சு நகரும்.

பாதுகாப்பு வலயம்னு அறிவிச்சிட்டா அங்க போயிடலாம் இல்லையா?

யார் அறிவித்தார்கள், எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டதா என்பதுதான் முதல் கேள்வி. நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 14, 15ஆம் பிரிவுகளும் முதலாம் நெறிமுறையின் 60ஆம் பிரிவும் சொல்லும் வலயங்களுக்குத் தரப்புகளின் உடன்பாடு அடிப்படை, உள்ளே ஆயுதமும் போராளிகளும் இருக்கக்கூடாது. ஒரு தரப்பு வரைபடத்தில் கட்டம்போட்டு அறிவித்தால் அது இந்த வகை அல்லவே அல்ல.

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவை ஐநா பாதுகாப்புச் சபை 1993 ஏப்ரலில் தீர்மானம் 819 மூலம் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. உள்ளே இருந்தவர்கள் முழுமையாக ஆயுதம் களையவில்லை, காவலுக்கு நின்றது சில நூறு அமைதிப்படையினர், அவர்களுக்கும் கனரக ஆயுதம் இல்லை. 1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படையிடம் ஊர் விழுந்தபோது 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். வன்னியில் 2009 ஜனவரியில் அரசு தன்னிச்சையாக அறிவித்த யுத்த சூனிய (சண்டை இல்லாத) வலயத்துக்குள் ஷெல் விழுந்ததாகவும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததாகவும் சுட்டதாகவும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாக ஐநா பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011ல் எழுதியது. வலயம் என்றால் மக்கள் ஒரே இடத்தில் குவிவார்கள். உடன்பாடு இல்லாமல் குவிந்தால் சாவும் குவியும்.

சரி, மனிதாபிமான வழித்தடம் திறந்தா கிளம்பலாமா?

வலயத்துக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும், கூடவே சில விஷயங்கள். வழித்தடம் என்பது ஒரு சாலை, ஒரு நேரம், ஒரு திசை. மூன்றும் இரண்டு தரப்பின் கீழ்மட்டச் சிப்பாய் வரை எட்டியிருக்கவேண்டும். உக்ரைனின் மரியுபோலில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஒத்துக்கொண்டதாகச் சொல்லப்பட்ட பாதையில் செஞ்சிலுவைக் குழுவினர் புறப்படப் பார்த்தபோது, காட்டிய சாலையிலேயே கண்ணிவெடி இருந்தது. பல முயற்சிகள் இப்படி முறிந்தன. அதே நகரத்தில் மே மாதத் தொடக்கத்தில் அசோவ்ஸ்டல் உருக்காலையின் நிலவறைகளிலிருந்து முதல் தடவையிலேயே 100க்கும் மேற்பட்ட பொதுமக்கள் வெளியே கொண்டுவரப்பட்டார்கள், ஐநாவும் செஞ்சிலுவைக் குழுவும் கூடவே வண்டியில் இருந்தன.

கிளம்புவதற்கு முன் கேட்கவேண்டியவை: எந்தப் பக்கம் போகப்போகிறோம், அதை நாம் தேர்ந்தெடுக்கலாமா, வழியில் ஆண்களைத் தனியாகப் பிரிக்கிறார்களா, மூன்றாம் தரப்பு யாராவது கூட வருகிறார்களா, தரையில் கண்ணிவெடி பார்த்தாயிற்றா. இன்னொன்று, கடிகாரம். எட்டு மணிக்குத் திறப்பு என்றால் எட்டு மணிக்கே முன்னால் போய் நிற்காதீர்கள், முதல் வண்டிகள் போய்ச்சேர்ந்த செய்தி வரட்டும். ரொம்பத் தாமதித்தாலும் கதவு மூடிவிடும், அந்த இக்கட்டுக்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

ஷெல் விழும்போது வீட்டுக்குள்ள எங்க இருக்கணும்?

நிலத்துக்குக் கீழே இடம் இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் இரண்டு சுவர் விதி: உங்களுக்கும் வெளிக்கும் நடுவே குறைந்தது இரண்டு சுவர், பக்கத்தில் ஜன்னல் இருக்கக்கூடாது. முதல் சுவர் வெடியின் அதிர்வை வாங்கும், இரண்டாவது சில்லுகளைத் தடுக்கும். பெரும்பாலான வீடுகளில் அது நடைவழி அல்லது ஜன்னலில்லாத உள்ளறை. குளியலறை நல்லதென்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் சுவர் டைல்ஸும் கண்ணாடியும் உடைந்தால் கத்திபோல ஆகிவிடும். ஜன்னலுக்கு டேப் ஒட்டினால் சிதறல் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். ஷெல் நேராக வீட்டின் மீதே விழுந்தால் இந்த விதி உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிலவறை என்றால் இரண்டு வாசல் இருக்கிறதா பாருங்கள். உள்ளே ஒரு கடப்பாரை, கோடரி, தண்ணீர், விசில். இடிபாட்டுக்குள் மாட்டினால் கத்திக் கத்தித் தொண்டை போய்விடும், விசில் நெடுநேரம் தாங்கும். ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் உள்ளே வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே குடும்பத்தோடு முடித்துவிடும்.

திறந்த வெளியில் பதுங்குகுழி வெட்டும்போது நேர்கோடாக வெட்டாமல் ஒரு மடிப்பு வையுங்கள், ஒரு முனையில் விழுந்த வெடியின் வீச்சு மறுமுனைக்குப் போகாது. வன்னியில் பங்கர்களை இப்படி எல் வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டார்கள், சாக்கு தீர்ந்தபோது பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்து மண்மூட்டை தைத்தார்கள். மழை வந்தால் குழியில் தண்ணீர் நிற்கும், ஒரு ஓரத்தில் பள்ளம் விட்டு வாளி வையுங்கள்.

கடைசியாக, ஒரு ஷெல் விழுந்தவுடன் காயம்பட்டவரை நோக்கி ஓடும் கூட்டத்தின் மீதே அடுத்தது விழுவது புதிதல்ல. உடனே ஓடாமல் இருப்பது மனதுக்குக் கஷ்டம். ஆனாலும் ஒருவர் இருவராக, குனிந்து, மறைப்பிலிருந்து மறைப்புக்குப் போகவும்.

அவசரப் பையில என்ன வைக்கணும்?

அசல் ஆவணங்கள் தண்ணீர் புகாத உறையில், நகல்கள் வேறொருவர் பையில், படங்கள் நம்பிக்கையான ஒருவரிடம் வெளியே. வீட்டுப் பத்திரத்தை மறக்காதீர்கள், திரும்பி வரும்போது அது இல்லாமல் சொந்த வீட்டையே நிரூபிக்கமுடியாமல் தவிப்பவர்கள் ஏராளம். மருந்து, மருந்துச்சீட்டு, கண்ணாடி, சின்ன நோட்டுகளாகப் பணம், பவர் பேங்க், டார்ச், ரத்தம் நிறுத்த இறுக்குப்பட்டை. பட்டையைக் காயத்துக்கு நான்கு விரல் மேலே கட்டவேண்டும், மூட்டின் மீது கட்டக்கூடாது, கட்டிய நேரத்தை எழுதவேண்டும்.

சின்னக் குழந்தையின் சட்டைக்கு உள்பக்கம் ஒரு துணித்துண்டைத் தைத்து அதில் பெயர், பிறந்த தேதி, இரண்டு போன் எண்கள். பையில் போட்டால் பை தொலையும்.

வெடிக்காத குண்டு முற்றத்துல கிடக்கு. ஓரமா எடுத்து வச்சிடலாமா?

தொடாதீர்கள். கல் எறியாதீர்கள், கயிறு கட்டி இழுக்காதீர்கள், குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். வந்த வழியே கால்தடம் பார்த்துத் திரும்புங்கள், தூரத்தில் நின்று ஏதாவது அடையாளம் வையுங்கள், வெடிபொருள் அகற்றும் பிரிவுக்குச் சொல்லுங்கள். கொத்துக்குண்டு நடுவானில் திறந்து சிதறவிடும் சிறுகுண்டுகளில் ஒரு பங்கு விழும்போது வெடிக்காமல் கிடக்கும், சில பந்து போலவும், சில ரிப்பன் கட்டிய டப்பா போலவும் இருக்கும். பிஎஃப்எம்-1 என்கிற சிறு கண்ணிவெடி பச்சை இலை மாதிரி. குழந்தைகள் எடுப்பதற்கு வேறென்ன வேண்டும்?

குடிக்கத் தண்ணி இல்லாட்டி எத்தனை நாள் சமாளிக்கலாம், எவ்வளவு வேணும்?

நிவாரண வேலையில் எல்லோரும் பயன்படுத்தும் ஸ்ஃபியர் கையேட்டின் அளவு, குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 15 லிட்டர். உயிர் தங்க அதைவிடக் குறைவு போதும், ஆனால் கைகழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் பேதி பரவும். கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடம் விடவும். எரிபொருள் இல்லையென்றால் வாசனை சேர்க்காத, 5 சதவீத வீட்டு பிளீச் லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கலாக இருந்தால் 4, அரை மணி நேரம் மூடி வைத்துக் குடிக்கலாம்.

பெரிய விஷயம் குழாயின் மறுமுனை. கிழக்கு உக்ரைனின் டோனெட்ஸ்க் நீர் வடிகட்டு நிலையம் இரண்டு தரப்பின் நிலைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது, கோட்டுக்கு இருபுறமும் லட்சக்கணக்கானோர் அதன் தண்ணீரைக் குடித்தார்கள். ஒவ்வொரு முறை குழாயோ மின்கம்பியோ அறுந்தபோதும் சில மணி நேரம் சுடுவதில்லை என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட பிறகே பழுதுபார்ப்பவர்கள் போனார்கள், அப்படியும் ஊழியர்கள் காயப்பட்டார்கள். ஆயிரம் பாட்டில் தண்ணீரைவிட அந்த வெல்டருக்கு ஒரு கவச உடையும் நான்கு மணி நேர அமைதியும் அதிகம் பேருக்குப் பயன்படும். படம் எடுக்க நன்றாக இருக்காது, அதனால் நன்கொடையும் குறைவு.

எங்க அப்பாவுக்குச் சர்க்கரை. இன்சுலினை ஃப்ரிட்ஜ் இல்லாம எப்படி வைக்கிறது?

பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலான வகைகளில் 25, 30 டிகிரிக்குள் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும், பெட்டியில் உள்ள தாளைப் பார்த்து உறுதிசெய்யவும். வெயில் நாட்டில் ஒரு மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து நடுவே ஈரமணல் போட்டால் உள்ளே நன்றாகக் குளிரும், காற்றோட்டம் வேண்டும். குளிர் நாட்டில் உறைந்துவிட்ட இன்சுலினைத் தூக்கிப்போடவும்.

போர்முனைப் பகுதிகளில் காயத்தால் மட்டும் மக்கள் சாவதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகச் சுத்திகரிப்பு நின்றுபோவது, பாதியில் விட்ட காசநோய் மருந்து, மருத்துவமனை எட்டாத பிரசவம், இவை சத்தமில்லாமல் கொண்டுபோகின்றன. மூன்று மாத மருந்தை ஒரேயடியாகக் கொடுப்பது என்கிற எளிய மாற்றம் பல உயிர்களைக் காப்பாற்றும்.

தடுப்பூசிக்காகச் சண்டையை நிறுத்த முடியுமா என்றும் கேட்கிறார்கள். முடிந்திருக்கிறது. எல் சால்வடோரில் 1985ல் யுனிசெஃப் முயற்சியால் உள்நாட்டுப் போரை அதற்கென்றே நாள் குறித்து நிறுத்தினார்கள். காசாவில் 2024 செப்டம்பரில் போலியோ சொட்டு மருந்துக்காகப் பகுதி பகுதியாக நிறுத்தி 5,50,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு முதல் தவணை கொடுத்தார்கள்.

நாங்க நாலு பேர் சேர்ந்து வண்டியில பொருள் ஏத்திட்டுப் போலாம்னு இருக்கோம். சிவப்புச் சிலுவை வரைஞ்சுட்டா போதுமா?

வரையவே வரையாதீர்கள். செஞ்சிலுவை, செம்பிறை, செம்படிகம் மூன்றும் சட்டத்தால் காக்கப்பட்ட சின்னங்கள், உரிமையில்லாமல் போடுவது குற்றம். அதைவிட முக்கியம், நீங்கள் போட்டால் நாளைக்கு உண்மையான ஆம்புலன்ஸை யாரும் நம்பமாட்டார்கள்.

பெரிய அமைப்புகள் வண்டி எண், பாதை, நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே இரு தரப்புக்கும் அறிவிக்கின்றன. அதுவும் உத்தரவாதம் அல்ல. ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் மருத்துவமனையின் துல்லியமான இருப்பிடத்தைக் கொடுத்திருந்தும் 2015 அக்டோபர் 3 அன்று அமெரிக்க விமானம் அதை அடித்தது, 42 பேர் இறந்தார்கள். மரியுபோல் நாடகக் கொட்டகைக்கு வெளியே தரையில் "குழந்தைகள்" என்று வானிலிருந்து தெரியும்படி எழுதியிருந்தார்கள், 2022 மார்ச் 16 அன்று அதன்மீதும் குண்டு விழுந்தது. அறிவிப்பதால் பயனில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அறிவித்த பிறகு அடித்தால் தெரியாமல் நடந்தது என்று தப்பிப்பது கடினமாகும்.

உங்கள் நாலு பேருக்கு என் யோசனை: ஏற்கனவே அங்கே ஓட்டிக்கொண்டிருக்கும் உள்ளூர் ஆட்களுக்கு டீசல், டயர், காப்பீடு கொடுங்கள். எந்தத் திருப்பத்தில் ட்ரோன் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். போய்த்தான் ஆகவேண்டும் என்றால், கூட்டம் கூட்டி விநியோகிக்காதீர்கள். வரிசை ஒரு இலக்கு. சின்னச் சின்ன இடங்களில், நேரத்தை மாற்றி மாற்றி, வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டு நகருங்கள்.

பொருள் அனுப்பறதா, பணம் அனுப்பறதா?

கடை திறந்து சரக்கு வருகிறதென்றால் பணம். முற்றுகைக்குள் பணம் விலையை ஏற்றுவதோடு சரி, அங்கே பொருள். பழைய துணி மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

உதவி போனா பாதி ஆயுதக்காரங்க எடுத்துக்கறாங்க. அப்புறம் எதுக்கு அனுப்பணும்?

எடுத்துக்கொள்வது நடக்கிறது, மறுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது துப்பாக்கி வைத்திருப்பவர் இல்லை. பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகப் பயன்படுத்துவது தடை. 2018ல் பாதுகாப்புச் சபையின் தீர்மானம் 2417 அதைக் கண்டித்தது. உதவிக்குத் தரப்புகளின் சம்மதம் தேவைதான், ஆனால் தேவை இருக்கும் இடத்தில் காரணமின்றிச் சம்மதத்தை மறுக்கக்கூடாது.

கசிவைக் குறைக்க வழிகள் உண்டு. பட்டியலை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் மட்டும் விடாமல் இரண்டு மூன்று வழியில் சரிபார்ப்பது, எளிதில் விற்கமுடியாத வடிவில் கொடுப்பது, யாருக்கு என்ன உரிமை என்பதை எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டுவது. எவ்வளவு கசிந்தால் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்துக்கொள்ளும் அமைப்புகளை நான் அதிகம் நம்புவேன். கசிவே இல்லை என்று சொல்பவர்களைக் கொஞ்சம் குறைவாக.

நடுநிலைன்னு சொல்லி அநியாயத்தைப் பார்த்துட்டு வாயை மூடிட்டு இருக்கறது சரியா?

நல்ல கேள்வி, இதற்காகவே அமைப்புகள் பிரிந்திருக்கின்றன. செஞ்சிலுவைக் குழு பார்த்ததைப் பொதுவில் பேசாமல் தரப்புகளிடம் நேரில் பேசும், அதனால்தான் சிறைக்குள்ளும் கோட்டுக்கு அந்தப் பக்கமும் போகமுடிகிறது. நைஜீரியாவின் பியாஃப்ரா போரைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர் இந்த மௌனம் போதாது என்று நினைத்தார்கள். 1971ல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உருவானதில் அதற்குப் பங்குண்டு. வன்னியில் 2009 பிப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் புதுமாத்தளன் பக்கத்துக் கடற்கரையிலிருந்து காயம்பட்டோரையும் உறவினர்களையுமாக 13,000க்கும் மேற்பட்டோரை வெளியே கொண்டுவந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் இரு தரப்பின் சம்மதமும் வேண்டியிருந்தது. பேசுகிறவர்களும் வேண்டும், பேசாமல் உள்ளே போகிறவர்களும் வேண்டும், ஒரே அமைப்பால் இரண்டையும் முழுதாகச் செய்யமுடியாது என்பது என் அபிப்பிராயம்.

மக்களை வெளியே கொண்டுவர உதவினா, துரத்தறவங்களுக்கு நாமே வண்டி பிடிச்சுக் கொடுத்த மாதிரி ஆகாதா?

ஆகலாம். 1993ல் முற்றுகையில் இருந்த ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து ஐநா அகதிகள் ஆணையத்தின் லாரிகள் ஆயிரக்கணக்கான பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிவந்தபோது, ஒரு இனத்தையே ஊரைவிட்டுத் துரத்தும் இனச் சுத்திகரிப்புக்கு நீங்களே துணைபோகிறீர்கள் என்று போஸ்னியத் தரப்பிலிருந்தே எதிர்ப்பு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து அங்கே நடந்ததை மேலே பாதுகாப்பு வலயக் கேள்வியில் சொன்னேன். அதை வைத்துப் பார்த்தால் லாரியில் ஏறியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

சட்டம் சொல்வது: மக்களின் பாதுகாப்புக்காகவோ தவிர்க்கமுடியாத ராணுவக் காரணத்துக்காகவோ தவிர வெளியேற்றக்கூடாது, வெளியேற்றினால் சண்டை ஓய்ந்ததும் திரும்ப விடவேண்டும், குடும்பத்தைப் பிரிக்கக்கூடாது. அதனால் ஏற்றும்போதே பெயர், ஊர், வீடு எல்லாவற்றையும் பதிவுசெய்து, அவர் தானாக வந்தாரா என்று தனியாகக் கேட்டு, திரும்பும் உரிமை இருப்பதை எழுத்தில் கொடுக்கவேண்டும். அந்தப் பதிவேட்டை யாரிடமும் கொடுக்காமல் காப்பதும் அதே அளவு முக்கியம்.

குடும்பம் பிரிஞ்சு போச்சு, யாரைக் கேக்கறது?

உங்கள் நாட்டுச் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்தில் தேடல் விண்ணப்பம் கொடுக்கலாம், காசு கிடையாது. சிக்னல் இல்லாத இடங்களுக்குத் திறந்த கடிதமாகச் செஞ்சிலுவைச் செய்தியும் அனுப்புவார்கள், குடும்ப விஷயம் மட்டும் எழுதவேண்டும், அரசியல் இருந்தால் போகாது. படத்தையும் முகவரியையும் பொதுவில் போட்டுத் தேடும் முன் யோசியுங்கள், மிரட்டிப் பணம் கேட்பவர்கள் காத்திருக்கிறார்கள்.

சண்டை நின்னுடுச்சு. உடனே வீட்டுக்குப் போலாமா?

அகற்றும் பிரிவினர் பார்த்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டு. திரும்பிய முதல் வாரங்களில் காயப்படுபவர்கள் பலர் கிணற்றடி, தோட்டம், மாட்டுக்கொட்டகை என்று பழகிய இடத்தில் பழகிய மாதிரி நடந்தவர்கள். கதவைச் சட்டென்று திறக்காதீர்கள், வயலில் புல் உயரமாக இருந்தால் இறங்காதீர்கள், விறகுக்குப் புதுப் பாதை பிடிக்காதீர்கள். மற்றது வெடிக்காத குண்டுக் கேள்வியில் இருக்கிறது.

கண்ணிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தம் 1997லும், கொத்துக்குண்டைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 2008லும் வந்தன. ஆனால் 2025ல் மூன்று பால்டிக் நாடுகளும் பின்லாந்தும் போலந்தும் ஒட்டாவாவிலிருந்து விலக முடிவெடுத்தன. அண்டை நாடான ரஷ்யாவைப் பார்த்து அவர்களுக்கு இருக்கும் பயம் புரிகிறது. புதைத்ததைத் தோண்டுவதற்குப் புதைத்ததைவிடப் பல மடங்கு காலம் ஆகும், வன்னியில் 2009க்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்த வேலை நடந்தது. உங்கள் வயலுக்கு வரிசை வரும்வரை வாடகைக்கு இருக்க வழியிருக்கிறதா என்று உதவி அமைப்பிடம் இப்போதே கேட்டு வையுங்கள், பெரும்பாலான திட்டங்களில் அதற்கென்று ஒரு தொகை ஒதுக்குவதில்லை, கேட்பவர் இருந்தால்தான் ஒதுக்குவார்கள்.